சேர்மன் திறந்து வைத்த நிழல்

வாகைக்குறிச்சியில் கட்டடம் வருவதற்கு முன்னாலேயே அதன் நிழல் வந்துவிட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் வந்திருக்கிறது, பஸ் வருவதற்கு முன்னால் டைம் டேபிள் வந்திருக்கிறது, டாக்டர் வருவதற்கு முன்னால் டாக்டர் பெயர் எழுதின போர்டு வந்து அதன் மேல் குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துப் பறந்திருக்கிறது. அதனால் புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தெப்பக்குளத்து மேட்டில், மேலே வெறும் ஆகாசம் இருக்க, கீழே தரையில் மட்டும் கொக்கு சிறகு விரித்தாற்போல் ஒரு பெரிய நிழல் விழுந்து கிடந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. முதலில் பார்த்தவர் பால்காரர். "நல்லதாப் போச்சு, பால் திரியாது" என்று சைக்கிளை அதற்குள் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் காரணம் சிவப்பு ரிப்பன்.

எங்கள் ஊர் மியூசியம் பழைய தாலுகா ஆபீசில் இருக்கிறது. உள்ளே போனால் வால் உதிர்ந்துபோன பஞ்சடைத்த முதலை, வாய் உடைந்த முதுமக்கள் தாழிகள், என்னவென்று யாருக்கும் தெரியாத ஒரு கருங்கல், அவ்வளவுதான். வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களைத் தவிர வேறு ஆள் வராது. அங்கே அதிகாரியாக வந்த இளம்பரிதித் தம்பி, சென்னையில் படித்தவர், ஆசைப்பட்டு ஒரு கண்காட்சி வைத்தார். ஞானாதிக்கம் என்று ஒரு கட்டடக் கலைஞர், எங்கள் அப்பாமார் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில், இந்த ஊருக்கென்றே வரைந்து, ஒன்றுகூடக் கட்டப்படாமல் போன நவீனக் கட்டடங்களின் கண்காட்சி. கொக்குச் சிறகுக் கூரை போட்ட பஸ் ஸ்டாண்டு, குடை குடையாக விரிந்த சந்தை, சங்கு மாதிரிச் சுருண்டு போகிற சினிமாக் கொட்டகை, அப்புறம் பகலில் பிள்ளைகளை விட்டுப் போவதற்கென்று, கூரையெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை வைத்த குழந்தைகள் இல்லம். எல்லாம் வெள்ளைக் கான்கிரீட், எல்லாம் நேர்கோடும் வளைவும். படத்தைப் பார்த்த உடனேயே இதை நம் ஊர்க்காரர்கள் கட்டவிட்டிருக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிடும். ஒன்றுக்கு நிலத்தில் கேஸ். ஒன்றுக்கு சிமெண்ட் வந்து, வந்த சிமெண்ட் யாரோ ஒருவருடைய மாடி வீடாகிவிட்டது. ஒன்றுக்கு, "இதில் என் சிலையை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்ட பெரியவருக்கு ஞானாதிக்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

இளம்பரிதித் தம்பி படங்களைச் சுவரில் மாட்டினார். அட்டையில் செய்த மாடல்களை மேஜையில் வைத்தார். பிள்ளைகள் கை வைத்துப் பிய்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு மாடலுக்கு முன்னாலும் ஒரு சிவப்பு ரிப்பனைக் குறுக்கே கட்டினார். அங்கேதான் தப்புப் பண்ணினார். சென்னையில் சிவப்பு ரிப்பனுக்கு என்ன அர்த்தமோ, எங்கள் சேர்மன் வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு ஒரே அர்த்தம்தான்.

அண்ணாச்சி நல்ல மனிதர். தலை மட்டும் வழுக்கை, தேய்த்து வைத்த பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். அடிபம்பு, ஜெராக்ஸ் கடை, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், ஏற்கெனவே அவரே திறந்த பாலம் என்று அவர் திறந்து வைக்காதது இந்த ஊரில் தீப்பெட்டி ஒன்றுதான். கண்காட்சி அன்றைக்கு மாலையும் சால்வையுமாக உள்ளே வந்தவர், சிவப்பு ரிப்பன் வரிசையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "எய்யா, இம்புட்டா!" என்று கத்திரிக்கோலை வாங்கி, முதல் ரிப்பனை நறுக்கென்று வெட்டி, "இந்தப் பேருந்து நிலையத்தைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்து வைக்கிறேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"சார், சார், இது கண்காட்சி சார். இதுல எந்தக் கட்டடமும் கட்டவே இல்லை சார்" என்று தம்பி பின்னாலேயே ஓடினார்.

"கட்டலைன்னா என்ன தம்பி? கட்டினதை மட்டுந்தான் திறக்கணும்னா நான் இத்தனை வருஷம் சேர்மனா இருந்திருக்க முடியுமா?"

நறுக், சந்தை திறந்தது. நறுக், சினிமாக் கொட்டகை திறந்தது. நறுக், குழந்தைகள் இல்லம் திறந்தது. மறுநாள் விடிந்தால், எந்தெந்த இடத்தில் எதெதைக் கட்ட வேண்டும் என்று ஞானாதிக்கம் வரைந்து வைத்திருந்தாரோ அந்தந்த இடத்தில், அதனதன் நிழல்.

ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஸ்கள் எல்லாம் கொக்குச் சிறகுக்குள் வந்து நின்றன. சூரியன் நகர நகர நிழல் நகரும், நிழல் நகர நகர பஸ் நகரும், பஸ்ஸோடு டீக்கடையும், டீக்கடையோடு பூக்காரியும், பூக்காரியோடு வெட்டிப் பேச்சும் நகரும். மத்தியானம் மதுரை வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டால், "வடக்குச் சிறகுக்கு அடியில" என்று ஏதோ முப்பாட்டன் காலத்திலிருந்து சொல்வது மாதிரிச் சொன்னார்கள். சினிமாக் கொட்டகை நிழல் நல்ல கும்மிருட்டு. காலேஜ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகப் போய் உட்கார்ந்தார்கள், அவர்களைத் தேடி அடிக்கப் போன அப்பாமார் அங்கேயே துண்டை விரித்துத் தூங்கிப்போனார்கள். சந்தை நிழல் மொட்டை மாடியில் விழுந்து வத்தல் காயவில்லை என்று ஒரு அம்மா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். நகராட்சியில் நிழலுக்கு வரி போட்டார்கள், அமாவாசை இருட்டுக்கும் சேர்த்து. காலையில் மேலத்தெருவில் கிடக்கிற நிழல் சாயங்காலம் கீழத்தெருவுக்குப் போகிறதே என்று மேலத்தெருப் பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் போட்டுப் பேசி, எல்லையில் முள்வேலி அடித்தார்கள். நிழல் வேலியைத் தாண்டிப் போனது, வேலியின் நிழலையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது.

பஸ் ஸ்டாண்டு நிழலின் மூலையில் கழிப்பறையின் நிழலும் இருந்தது. ஆண்கள் அதில் ஒரு குறையும் சொல்லவில்லை, அவர்கள் சுவர் இல்லாமலே பழகினவர்கள். பெண்கள் எப்போதும்போல வீட்டுக்கு வருகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். ஆனால் இனிமேல் "பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை இல்லை" என்று யாரும் புகார் சொல்ல முடியாது. அதுதான் திறந்தாகிவிட்டதே.

கண்காட்சி முடிந்து படங்களை மூட்டை கட்டப் போன இளம்பரிதித் தம்பியை ஊரே சேர்ந்து தடுத்தது. படத்தோடு நிழலும் போய்விட்டால் என்ன செய்வது? மியூசியத்துக்கு ஒரு பூட்டைப் போட்டு, தம்பிக்கு மெஸ்ஸில் கணக்கு வைத்துக் கொடுத்து, இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

இனி எங்கள் சங்கதி.

ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் அங்கன்வாடி. என் மகனுக்கு ரேஷன் கார்டில் தர்ஷித், வீட்டில் சுடலை. காலையில் பவுடர் பூசி அனுப்பினால் மத்தியானம் வேகவைத்த பனங்கிழங்காகத் திரும்பி வருவான். முதுகு முழுக்க வேர்க்குரு. நானும், இரட்டைப் பெண்பிள்ளைகளைப் பெற்ற உச்சிமாகாளி அக்காவும், மற்ற அம்மாமாரும், அங்கன்வாடி எஸ்தர் டீச்சரும் நடையாய் நடந்து, கத்தாய்க் கத்தி, ஒருவழியாகப் புதுக் கட்டடம் ஒன்று அனுமதியாகி, தை மாதம் வேலை தொடங்குவதாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் குழந்தைகள் இல்லத்து நிழல், கொட்டகைக்குப் பக்கத்துப் பொட்டலில் வந்து விழுந்தது.

பொய் சொல்லக்கூடாது, முதலில் எங்களுக்கும் சந்தோஷம்தான். பிள்ளைகளைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய் நிழலில் போட்டோம். அவ்வளவு குளிர்ச்சி. கூரையின் ஓட்டை வழியாக விழுகிற வெயில், தரையெல்லாம் வட்ட வட்டமாக, தோசை வார்த்த மாதிரி ஊர்ந்து போகும். பிள்ளைகள் அதைத் துரத்திப் போய்ப் பளாரென்று உள்ளங்கையால் அடித்து, "புடிச்சிட்டேன்!" என்று கத்துவார்கள். எஸ்தர் டீச்சர் அதிலேயே ஒன்று இரண்டு சொல்லிக் கொடுத்தாள். ஞானாதிக்கம் என்கிற மனிதர் பிள்ளை வளர்த்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. வாகைக்குறிச்சிக்குக் குழந்தைகள் இல்லம் ஏற்கெனவே திறக்கப்பட்டுவிட்டதால், புதுக் கட்டடம் ரத்து.

சேர்மன் வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அங்கன கட்டடமே கிடையாது" என்றேன்.

"நிழல் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"கட்டடம் இல்லாம நிழல் எப்படிம்மா விழும்? பன்னெண்டு வரைக்கும் படிச்ச பிள்ளைதானே கனி நீ?"

"சுவரு இல்லையே அண்ணாச்சி" என்றாள் உச்சிமாகாளி அக்கா.

"காத்தோட்டம்."

"மழை பெஞ்சா?"

"மழை பெய்யும்போது வெயில் அடிக்காதுல்லா? அப்போ நிழல் எதுக்கு?" என்று சொல்லி, சட்னியை வழித்து எழுந்துவிட்டார்.

ஐப்பசி பிறந்தது. முதல் மழை பெய்த அன்றைக்குப் பிள்ளைகள் நிழலில் இருந்தார்கள். மேகம் மூடிய உடனேயே கட்டடம் காணாமல் போனது, அடுத்த நிமிஷம் சத்துமாவுச் சட்டியில் தண்ணீர். சுடலைக்குக் காய்ச்சல் கொதித்தது. ராத்திரி அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு யோசித்தேன். இல்லாத கட்டடத்தை இல்லை என்று சொல்லித்தானே இத்தனை நாள் தோற்றோம்? இருக்கிறது என்றே சொல்லிவிட்டால் என்ன?

காலையில் அம்மாமார் எல்லாரும் நகராட்சி இன்ஜினியர் ஆபீஸ் வாசலில் நின்று வயிற்றில் அடித்துக்கொண்டோம்.

"குழந்தைகள் இல்லம் இடிஞ்சு விழப்போகுது! எங்க பிள்ளைங்க உசுருக்கு யாரு பதிலு? டிவிக்காரங்களுக்குப் போன் போட்டாச்சு!"

கட்டடம் இல்லை என்றால் எங்கள் ஊர் ஆபீஸ் அசையாது. கட்டடம் விழுகிறது என்றால், அதுவும் பிள்ளைகள் மேல் விழுகிறது என்றால், அதுவும் கேமரா முன்னால் விழுகிறது என்றால், மேஜையே எழுந்து ஓடும். இன்ஜினியர் வண்டியில் வேகமாக வந்து இறங்கி, பொட்டல் நடுவில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சுத்தியலால் காற்றைத் தட்டினார்.

"சத்தமே வரலையே" என்றார்.

"உள்ள அம்புட்டும் பொத்தல் சார்" என்றாள் உச்சிமாகாளி அக்கா. "பூச்சு நிக்குதா பாருங்க, ஒரு இடத்துல நிக்கலை. கம்பியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை."

அவர் பாடும் பாவம்தான். கட்டடம் இல்லை என்று எழுதினால் சேர்மன் பொய் சொன்னார் என்று ஆகும். இருக்கிறது என்று எழுதி நாளைக்கு ஏதாவது ஆனால் தலை உருளும். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் எழுதினார்: சுவர்களில் பலம் இல்லை. கூரை முழுவதும் ஒழுகுகிறது. அஸ்திவாரம் சந்தேகத்துக்குரியது. குழந்தைகள் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது. உடனடியாக இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டலாம்.

இடிக்கிற குத்தகை காசிமணி அண்ணனுக்குப் போனது. அவர் பொக்லைனோடு வந்து, பூசணிக்காய் உடைத்து, பிள்ளைகளை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லி, வெறும் ஆகாசத்தில் எந்திரக் கையை ஓங்கி வீசினார். சத்தியமாகச் சொல்கிறேன், தூசி பறந்தது. நிழல் மடமடவென்று சரிந்து, பொட்டல் முழுக்கத் துண்டு துண்டாகக் கிடந்தது. எஸ்தர் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூட்டின மியூசியத்திலிருந்து வந்து ஓரமாக நின்றிருந்த இளம்பரிதித் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்தை இடிக்கிறவருக்கே இடித்த சாமான் சொந்தம். கதவு, ஜன்னல், செங்கல் எல்லாவற்றையும் அவர் விற்றுக்கொள்ளலாம். அந்த வழக்கப்படி காசிமணி அண்ணன் நிழல் துண்டுகளை அள்ளி டிராக்டரில் ஏற்றினார். தூண் நிழலைச் செருப்புத் தைக்கிறவர் வாங்கிப்போய்த் தன் இடத்துக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்டார். வாசல் நிழலை ஜெராக்ஸ் கடைக்காரர் வாங்கினார். ஒட்டுப் போடாத நல்ல முழுச் சுவர் நிழல் சேர்மன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனது. கடைசியில் கூரை நிழல் மட்டும் கிடந்தது.

"அண்ணே, இது?" என்றேன்.

"ஓட்டை நிழலை எவன் வாங்குவான்? தூக்கிட்டுப் போம்மா."

பாய் மாதிரிச் சுருட்டி, நானும் உச்சிமாகாளி அக்காவும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கொண்டுவந்து, கொட்டகை முன்னால் விரித்தோம். மழை வந்தால் சுருட்டி வைப்போம். வெயில் வந்தால் விரிப்போம். வெயில் வட்டங்கள் ஒன்றுகூட உதிரவில்லை.

புதுக் கட்டடம் எழும்பியது. எல்லா ஊருக்கும் ஒரே படம் என்கிற அந்தப் பெட்டிக் கட்டடம்தான், தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி. இளம்பரிதித் தம்பிக்கு மனசு ஆறவில்லை. "இடிச்சதுதான் இடிச்சீங்க, அந்த ஓட்டைக் கூரையையே நிஜமாக் கட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா? ஓட்டைக்கெல்லாம் கண்ணாடி போடணும்னு அவர் குறிச்சு வெச்சிருக்கார்."

"கட்டிருவாங்க தம்பி. ஆனா கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி திறந்துருவாங்கல்லா?"

எங்கள் ஊருக்கு வந்து நாளாகிவிட்டது, அவருக்கும் புரிந்திருந்தது.

சித்திரையில், கத்திரி வெயிலில், திறப்பு விழா. பந்தல் கிடையாது, ஊரில்தான் இத்தனை நிழல் இருக்கிறதே என்று பந்தல் செலவை வெட்டிவிட்டார்கள். அம்மாமார் சார்பில் தாம்பாளம் பிடிக்கிற வேலை எனக்கு. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு காலையிலேயே போய்ச் சுற்றிப் பார்த்தேன். சுவர் இருந்தது. கூரை இருந்தது. கழிப்பறைக்குக் கதவு இல்லை. குழாய் இருந்தது, திருகினால் காற்று.

"திறப்பு விழா முடியட்டும்மா, மறுநாளே மாட்டிருதேன்" என்றார் காண்ட்ராக்டர்.

சேர்மன் வந்தார். மாலை, சால்வை, கொட்டு. ரிப்பன் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். தாம்பாளத்தில் வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, சந்தனம் இருந்தது.

"கத்திரிக்கோல் எங்கம்மா?"

"என் இடுப்புல இருக்கு அண்ணாச்சி. கக்கூஸ் கதவும் குழாய்த் தண்ணியும் வந்ததும் அதுவும் வரும்."

"என்ன வெளையாட்டு இது? ராகு காலம் வரப்போகுது!"

"வந்துட்டுப் போகட்டும்."

அண்ணாச்சியின் விரல்கள் தன்னாலே காற்றை வெட்ட ஆரம்பித்தன. ரிப்பனைப் பல்லால் கடிக்கலாமா என்று ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

"ஏட்டி கனி, விட்றாத!" என்று உச்சிமாகாளி அக்கா அலறினாள். "அண்ணாச்சி 'திறந்து வைக்கிறேன்'னு சொல்லிரப் போறாரு! சொல்லிட்டாருன்னா கதவு கடைசி வரைக்கும் வராது!"

எஸ்தர் டீச்சர் கையைத் தூக்கினாள். பிள்ளைகள் தொண்டை கிழிய "அ! ஆ! இ! ஈ!" என்று கத்தினார்கள். அவர் வாயை மூடினால் நிறுத்தினார்கள். திறந்தால் தொடங்கினார்கள். அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் ஃ வரைக்கும் படித்துவிட்டார்கள்.

காண்ட்ராக்டர் கதவு தேடி ஓடினார். பிளம்பர் பைப்பைப் பிரித்தார். வெயில் உச்சிக்கு ஏறியது. அண்ணாச்சிக்கு மண்டை தகித்தது. ரிப்பன் வெட்டாமல் கட்டடத்துக்குள் போக முடியாது, தகரக் கொட்டகை அடுப்பாகக் கொதித்தது, பக்கத்தில் வேறு எங்கேயும் ஒதுங்க இடமில்லை. நல்ல நிழலெல்லாம் விற்றுப்போயிருந்தது, அதில் முதல் தரமானது அவர் வீட்டு மாடியிலேயே ஆளில்லாமல் கிடந்தது. கொட்டகை முன்னால் எங்கள் ஓட்டை நிழல் ஒன்றுதான். மெல்ல அதன் ஓரத்துக்கு வந்தார்.

"செருப்பைக் கழட்டுங்க" என்றான் சுடலை. "அது எங்க வீடு."

கழற்றிவிட்டுப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குளிர்ச்சி ஏறியதும் கண்ணை மூடினார். தரையில் ஊர்ந்துகொண்டிருந்த வெயில் வட்டம் ஒன்று அவர் முழங்காலில் ஏறியது, சால்வையில் ஏறியது, தோளில் ஏறியது, கடைசியில் அந்தப் பித்தளை வழுக்கையின் நட்டநடுவில் போய் ஜம்மென்று உட்கார்ந்து பளபளத்தது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். நான் தடுத்திருக்கலாம். தாம்பாளம் கையில் இருந்தது.

சுடலை எழுந்து, குறி பார்த்து, பளார் என்று வைத்தான்.

"புடிச்சிட்டேன்!"

கொட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அண்ணாச்சி துள்ளி எழுந்து, "ஏய், கதவு எங்கல? ஓடுங்கல!" என்று காண்ட்ராக்டர் மேல் பாய்ந்த பாய்ச்சலில், எங்கேயோ இருந்த கதவு எப்படியோ வந்துவிட்டது.

மாட்டி முடித்ததும் நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், விழுந்தது. குழாயைத் திருகினேன். இருமியது, செருமியது, கொஞ்சம் துருவைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது. வாளி நிறைகிற வரைக்கும் நின்றேன், வெளியே கொட்டு ஓயாமல் அடிக்க அடிக்க, அவசரமே படாமல்.

வெளியே வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன்.

"இப்பம் திறங்க அண்ணாச்சி" என்றேன்.